கட்டினது கட்டினபடி

திருத்தணி
7-11-2021

பரிதியின் நைனாவுக்கு யோகா எழுதுவது. இங்கே நானும் பரிதியும் அத்தையும் சுகம். தீபாவளிக்கு நீங்கள் இல்லாத குறை ஒன்றுதான். உங்களுக்கு அந்த இருமல் நின்றதா? தறி ரிப்பேர் முடித்துவிட்டு வந்து பஞ்சுத் தூசியோடு அப்படியே படுத்துவிடாதீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை எடுத்ததும் "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் ரெண்டு வார்த்தை கேக்கறேன்" என்கிறார் அத்தை. ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் பரிதி ஓடிவந்து நடுவில் நிற்கிறான். போன வாரம் நாம் கத்திக்கொண்டதில் அவன் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தானே, அது எனக்கு மனசிலேயே நிற்கிறது. இரண்டு பேர் சண்டை போடுவதற்கு இந்த ஒற்றை அறை வீட்டில் இடமில்லை. அதனால் இந்த மாஸ்க் விஷயத்தை மட்டும் எழுதிக்கொள்வோம்.

யு.கே.ஜி. முழுவதையும் என் மடியில் உட்கார்ந்து போனிலேயே முடித்த பிள்ளை, இப்போதுதான் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பு. மாஸ்க் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் அது மடித்த மடிப்புக் கலையாமல் கால்சட்டைப் பையில் இருந்தது. கேட்டால், "நைனாதான் சொல்லிச்சு, அம்மா திரும்பிப் போனதும் கழட்டி பாக்கெட்ல வச்சிக்கன்னு" என்கிறான்.

பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி வரவில்லை. மே மாதம் என் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. கன்னம் இங்கேதான் இருக்கும் என்று உறைக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். அது தோளாகவும் இருந்திருக்கலாம். இதை உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

இனி அவனிடம் அப்படிச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

யோகா

~

பிவண்டி
16-11-2021

அன்புள்ள யோகாவுக்கு தீனதயாளன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். இருமல் பரவாயில்லை. உனக்கும் அம்மாவுக்கும் பையனுக்கும் முருகன் துணை.

உன் அப்பா விஷயம் படித்து மனசு கஷ்டப்பட்டது. அதை வைத்து நான் சண்டை போடமாட்டேன். ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்கவேண்டும். நான் காலையிலிருந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன், பஞ்சுக்காக. டீ நேரத்தில் வெளியே வந்து அதை இறக்கிவிட்டு முதல் மூச்சு இழுக்கும்போதுதான் இவ்வளவு நேரம் மூச்சே விடவில்லை என்று தெரியும். நான் நாற்பது வயதை நெருங்கும் ஆள். அவன் ஆறு வயசுப் பிள்ளை. ரெண்டு வயதில் இழுப்பு வந்து மூக்கில் மருந்துப் புகை வைத்தோமே, அன்றைக்கு அவன் விலா எலும்பு உள்ளே போய் வந்ததை நீயும்தானே பார்த்தாய்?

இன்னொன்று. தமிழ்செல்வி டீச்சர் வாயும் மூடி, இவன் வாயும் மூடி இருந்தால் ல, ள, ழ எப்படி வரும்? வாயைத் திறந்துகினு படிச்ச எனக்கே அது வரவில்லை.

நீ காலேஜ் படித்தவள். நான் பேசினால் நீ பத்து காரணம் சொல்வாய். நான் அவனிடம் சொல்வதைச் சொல்லத்தான் செய்வேன். அவன் எனக்கும் பிள்ளை. தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக ஒன்றும் சொல்லக்கூடாது என்றால், பிறகு நான் எதற்கு அப்பன்?

அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று எழுது.

தயாளன்

~

திருத்தணி
28-11-2021

பரிதியின் நைனாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடம் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. துவைத்த மாஸ்க் காயாமல் அடுப்புச் சூட்டில் காயவைக்கிறேன். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் வெந்நீர் குடிக்கிறீர்களா?

நீங்கள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. இடையில் அவன் பட்ட பாட்டைக் கேளுங்கள். பள்ளிக்கூட கேட்டுக்குள் போனதும் நின்று, ஒரு விரலைக் காதுப் பக்கத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, நான் போய்விட்டேனா என்று திரும்பிப் பார்க்கிறான். நான் போகாமல் நிற்கிறேன். மணி அடிக்கிறார்கள். அவன் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அப்படியே நிற்கிறான். மழையில் மற்ற பிள்ளைகளெல்லாம் அவனைத் தாண்டி ஓடுகின்றன.

போன வாரம் பெரிய கார்த்திகைக்கு உங்கள் வீட்டு வழக்கப்படி நான்தான் படையல் சமைத்தேன். வாயையும் மூக்கையும் மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, சாமிக்குக் கற்பூரம் காட்டும்வரை பேசாமல், ருசி பார்க்காமல், சொட்டுத் தண்ணீர் குடிக்காமல். கல்யாணமான வருடம் அத்தை சொல்லிக்கொடுத்த மாதிரியே. பரிதி பக்கத்திலேயே குந்திக்கொண்டு, நான் கையைக் காட்டினால் வெல்லம், ஏலக்காய் என்று எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

மறுநாளிலிருந்து மாஸ்க்கைத் தானே போட்டுக்கொள்கிறான். கழற்றுவதே இல்லை. கேட்டில் நிற்பதும் இல்லை. எப்படி என்று கேட்காதீர்கள். ஒரு தாய்க்குப் பிள்ளையிடம் சொல்வதற்கு ஒரு வழி இருக்காதா? இனி நீங்கள் சொன்னாலும் அவன் கேட்கமாட்டான். இந்தச் சண்டையை இதோடு விடுவோம்.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

யோகா

~

பிவண்டி
14-12-2021

அன்புள்ள யோகாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கம்பளி வாங்கிவிட்டேன். அறையில் கூட இருக்கிற கஜபதி அதை என்னைவிட அதிகமாகப் போர்த்திக்கொள்கிறான்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "இன்னாடா, நைனா சொன்னா கேக்க மாட்டியா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன், "உனக்காகத்தான் நைனா" என்றான். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எனக்காக என்ன? நீ அவனிடம் என்ன சொன்னாய்?

முன்பெல்லாம் வண்டி வாங்கிக் கொடு, பந்து வாங்கிக் கொடு என்று காதைத் தின்பான். இப்போது "சாப்டியா நைனா, ஒடம்பு நல்லாக்கீதா" என்கிறான். பெரிய மனுசன் மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனை வைத்த பிறகு என்னமோ மாதிரி இருக்கிறது.

வகுப்பில் எப்படி இருக்கிறான்? டீச்சரைப் பார்த்துக் கேட்டு எழுது. பொங்கலுக்கு வரமுடியாது போலிருக்கிறது. முதலாளி சேட்டு இரண்டு ஆளை நிறுத்திவிட்டு அவர்கள் வேலையையும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

தயாளன்

~

திருத்தணி
9-1-2022

பரிதியின் நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிட்டது. இங்கே அனைவரும் சுகம். அங்கே மறுபடி நோய் ஏறுவதாக டிவியில் சொல்கிறார்கள். கூட்டத்தில் போகாதீர்கள்.

பள்ளிக்கூடத்தைத் திரும்ப மூடிவிட்டார்கள். சின்ன வகுப்புகளுக்கு இந்த மாதம் முழுக்க இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வீட்டில் அவன் போடுகிற சத்தத்துக்குக் கணக்கில்லை. "ஒன் புள்ள வாயிக்கு ஒரு பூட்டு போடும்மா" என்று அத்தை சிரிக்கிறார்.

டீச்சரைப் பார்த்தேன். நல்ல பையன் என்றார்.

பள்ளிக்கூடம் இருந்தபோது டிபன் பாக்ஸ் சாப்பிடாமல் அப்படியே திரும்பி வந்தது என்று அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார். காலையில் நான் வயிறு நிறையக் கொடுத்தனுப்பினேன், அதனால் மதியம் அவ்வளவாகப் பசித்திருக்காது. வேறொன்றும் இல்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு உங்கள் பேரில் மலையில் அர்ச்சனை செய்கிறேன்.

யோகா

~

பிவண்டி
27-1-2022

அன்புள்ள யோகாவுக்கு,

இப்போது தேவலை, பயப்படாதே. கஜபதி உளறாமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஏழெட்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி. அறையில் எல்லோருக்கும் வந்தது. தினமும் போனில் "நல்லாக்கீறேன்" என்றுதான் சொல்லிவந்தேன். நீ உன் அப்பாவை நினைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவாய் என்று எனக்குத் தெரியாதா? நான் தூங்கும்போது அம்மா போன் செய்ய, கஜபதி எடுத்து, "காய்ச்சல்ல கெடக்கறான் பெரிம்மா, மாத்திரை போட்டுக்கினு தூங்கறான்" என்று போட்டு உடைத்துவிட்டான். ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கும். அம்மா போட்ட கூச்சல் இங்கே அறை முழுக்கக் கேட்டதாம்.

படுத்திருந்த நாளில் உன்னைத் திட்டியதையெல்லாம் நினைத்தேன். நீ பயப்படுவதும் வீண் பயம் இல்லை. மாஸ்க் விஷயத்தில் இனி வாயைத் திறக்கமாட்டேன். உன் இஷ்டம்.

ஆனால் அன்றிலிருந்து பரிதி போனுக்கு வருவதில்லை. கூப்பிட்டால் "தூங்கறான்", "வெளாடப் போய்க்கீறான்" என்று அம்மா சொல்கிறார்கள். என்மேல் கோபமா? பொய் சொன்னேன் என்றா?

தயாளன்

~

திருத்தணி
13-2-2022

பரிதியின் நைனாவுக்கு,

உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? நாக்குக்கு ருசி தெரிகிறதா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், இனி மறைக்க வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன். கஜபதி சொன்ன அந்த நாளிலிருந்து பரிதி வீட்டிலும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. பேசுவதும் இல்லை. தூங்கும்போது மெதுவாக எடுத்தால் விழித்துக்கொண்டு திரும்பப் போட்டுக்கொள்கிறான். சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கீழே இறக்கி நாலு வாய் தின்றுவிட்டு அவசரமாக மேலே ஏற்றிக்கொள்கிறான். தண்ணீர் கேட்பதில்லை. உதடு வெடித்துப் புண்ணாகியிருக்கிறது.

பள்ளிக்கூடம் ஒன்றாம் தேதி திறந்தார்கள். தமிழ்செல்வி டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். டிசம்பரில் அவர் சொன்னதையே மறுபடி சொன்னார். "நல்ல பையந்தாங்க, ஒரு தொந்தரவு கெடையாது. அவன் கொரல் எப்படி இருக்கும்னுதான் எனக்கு இதுவரைக்கும் தெரியல" என்றார். அன்றைக்கு நான் உங்களுக்கு முதல் பாதியை மட்டும் எழுதினேன். மதிய மணி அடித்தாலும் டப்பாவைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். பாட்டில் தண்ணீர் காலையில் எந்த அளவு இருந்ததோ சாயங்காலமும் அந்த அளவே இருக்கும். இது கார்த்திகை முடிந்த நாளிலிருந்து. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விட்டேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். போனை அவன் காதில் வைத்துக் கேட்கச் சொல்லி, "எனக்கு நல்லா ஆயிடுச்சு, நீ பேசு" என்று சொல்லுங்கள். ஏன் என்று என்னைக் கேட்காமல் சொல்லுங்கள்.

யோகா

~

பிவண்டி
23-2-2022

யோகாவுக்கு,

நான் சுகம். மூன்று நாள் தொடர்ந்து சொன்னேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வீடியோவில் வந்து தெர்மாமீட்டரை வாயில் வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அதில் என்ன தெரியும்?

நேற்று அம்மா நீ கடைக்குப் போயிருந்தபோது கூப்பிட்டார்கள். அம்மா குளிப்பாட்டும்போது ஆயா காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னானாம். "ஸ்கூல் மூடறதுக்கு முன்னால யாரோ பர்த்டேன்னு முட்டாய் குடுத்தாங்க ஆயா. நான் கழட்டி தின்னுட்டேன். அதான் நைனாவுக்கு காய்ச்சல் வந்துடுச்சி." பிறகு, "இப்ப பேசறேனே, திரும்ப வந்துடுமா?" என்று கேட்டு அழுதானாம்.

அம்மா என்னைக் கேட்டார்கள்: "ஏண்டா, ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு அந்தப் புள்ள வாயிதான் கெடச்சுதா?" அதற்குப் பதிலை நீ சொல்.

என் உயிரை அவன் வாயில் கட்டிவிட்டாய். படித்தவள் செய்கிற வேலையா இது? நான் ஒரு பக்கம் கழட்டு கழட்டு என்று சொல்ல, கழட்டினால் நான் செத்துவிடுவேன் என்று அவன் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறான். எனக்காகத்தான் என்று அவன் சொன்னபோதுகூட எனக்குப் புரியவில்லை.

படுத்த நாளெல்லாம் லீவில் போய்விட்டது. மே வரைக்கும் சேட்டு விடமாட்டார். பரீட்சை முடிந்ததும் பரிதியைப் பொதட்டூர்பேட்டையில் என் தங்கச்சி பத்மா வீட்டில் விடுவதாக முடிவு செய்திருக்கிறேன். அங்கேயே பள்ளிக்கூடம் சேர்க்கட்டும். உன்னோடு இருந்தால் அவனும் உன் பயத்துக்குள்ளேயே இருந்துவிடுவான். பத்மாவிடம் பேசிவிட்டேன்.

தயாளன்

~

திருத்தணி
6-3-2022

பரிதியின் நைனாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதக்கூடக் கை கூசுகிறது. அந்த வார்த்தையை இந்த வீட்டில் இப்போது யாரும் சும்மா சொல்ல முடியாது.

பத்மா வீட்டில் விடுவது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் நான் வாசலை மறிக்கமாட்டேன். மறிக்கிற யோக்கியதை எனக்கில்லை. சொன்னதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

"நான் படையலுக்கு வாய் கட்டற மாதிரிதாண்டா இதுவும். ஸ்கூல் விடற வரைக்கும் கட்டினது கட்டினபடி இருக்கணும். நடுவுல அவுத்தா தூரத்துல கீற நைனாவுக்குக் காய்ச்சல் வந்துடும்." இவ்வளவுதான். சாப்பிடாதே, பேசாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய் கட்டினால் என்னென்ன கூடாது என்று முந்தின நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். முதல் நாள் டப்பா திரும்பி வந்ததுமே எனக்குப் புரிந்தது. "சாப்பிடலாம்டா" என்று சொல்லியிருக்கலாம். சாப்பிடலாம் என்றால் கழற்றலாம் என்று ஆகிவிடுமே, பிறகு மற்றதும் பொய் என்று கண்டுபிடித்துவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அது பொய் என்று இப்போது சொல்லிவிட்டேன். மடியில் உட்காரவைத்து, அம்மா பயத்தில் சொன்னது, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நைனாவுக்கு வந்தது ஊரெல்லாம் வந்த காய்ச்சல் என்று சொன்னேன். கற்பூரமும் ஏற்றிக் காட்டி, "முடிஞ்சுது பாரு" என்றேன். அவன் என்னையே பார்த்தான். ஒரு தாள் எடுத்து, எழுத்துக் கூட்டி, "நைநா நல்லாகீரேந்னு பொய் சொன்னாரு. நீயும் சொல்ர" என்று எழுதி நீட்டினான். நம்மைப் பற்றி அவன் முதன்முதலாக எழுதியது இதுதான்.

அத்தை சொன்னாலும் நம்புவதில்லை, ஆயா நம் பக்கம் என்கிற எண்ணம். போனை நம்புவதில்லை, அதில்தான் நீங்கள் ஒரு வாரம் நல்லாயிருக்கிறேன் என்றீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் நான்தான் அவரை அப்படிச் சொல்லச் சொன்னேன் என்பது போலப் பார்த்தான். அவனைச் சுற்றி இருக்கிற நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் அவனுக்கு நான்தான் நிற்கிறேன்.

உங்கள் பழைய கடிதத்தை எடுத்து, "நான் நலமாக இருக்கிறேன்" என்ற வரியை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். எழுத்தின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் முயன்றான். உங்கள் கூட்டெழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். ஆனால் அந்த நேரம் மட்டும் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டாம். என்னைத் திட்டுவதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவன் பெயருக்கு எழுதுங்கள். அச்சு மாதிரி, பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வார்த்தையாக, அவனே படிக்கிற மாதிரி. உறையை நான் பிரிக்கமாட்டேன். தபால்காரர் தணிகாசலத்திடம் அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லிவிட்டேன். என்ன எழுதுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பொய் மட்டும் வேண்டாம், நல்லதற்கான பொய்கூட.

யோகா

~

பிவண்டி
17-3-2022

பரிதிக்கு

நான் நைனா.

எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் இல்லை என்று சொன்னேன். அது பொய். தப்பு.

இப்போது காய்ச்சல் இல்லை.

நீ மிட்டாய் தின்றதால் காய்ச்சல் வரவில்லை. கஜபதி மாமாவுக்கும் வந்தது. அவர் பிள்ளை மிட்டாய் தின்றதா? இல்லை.

எனக்குத் திரும்பவும் காய்ச்சல் வரலாம். வந்தால் உனக்கு எழுதுவேன். உனக்குத்தான் முதலில் எழுதுவேன். அப்போதும் அது உன்னால் இல்லை.

அம்மாவுக்கு ஒரு பயம். எனக்கு ஒரு பயம். அம்மா மாட்டு என்றாள். நான் கழட்டு என்றேன். இரண்டு பேரும் உன்னைப் பிடித்து இழுத்தோம். இனி இழுக்க மாட்டோம்.

மாஸ்க் போடலாம். கழட்டலாம். டீச்சர் சொல்வதைக் கேள். சாப்பிடும்போது கழட்டு. தாகம் எடுத்தால் தண்ணீர் குடி. பேசு.

நீ அம்மாவோடுதான் இருப்பாய். வேறு எங்கும் போக வேண்டாம். மே மாதம் நான் வருவேன்.

இதை நீயே படித்தாய். யாரும் உனக்குச் சொல்லவில்லை.

இப்போது அம்மாவைக் கூப்பிடு. சத்தமாக அவளுக்குப் படித்துக் காட்டு.

நைனா